வாசியுள்ள காசு

போன ஆடி மாதம் என் வீட்டுத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய இரண்டு பேரை, ஒருவருக்குப் பின் ஒருவராக, வேலைக்கு வைத்தேன். மாதக் கடைசியில் செலவு நோட்டில் இருவருக்கும் கொடுத்ததை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அங்கேதான் தொடங்கியது.

கீழ்வேளூரில் கேடிலியப்பர் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. மனை பன்னிரண்டு சென்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் நான்கு தென்னையும் அப்பா வைத்த ஒட்டு மாமரமும் சாய்ந்தன. வெறும் தரையாகக் கிடந்ததில் கொய்யா, எலுமிச்சை, நந்தியாவட்டை, செம்பருத்தி, ஒரு மல்லிகைப் பந்தல் என்று கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டு வந்தேன். இந்த வருடம் விடைத்தாள் திருத்தப் போனது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இரண்டு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் கொடுத்த எண்ணில் அழைத்தேன். ஒரு தம்பி பைக்கில் பிரஷ் கட்டரைக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஆயிரத்து இருநூறு மேடம். பெட்ரோல் தனி, இருநூறு வெச்சுக்குங்க. மாசம் ரெண்டு தடவைன்னா கொறச்சுக்கலாம்” என்றார். பேரம் பேசவில்லை. ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்தார். செம்பருத்தி வேலியைக் கத்தரித்துச் சீராக்கினார். தோட்டம் முடிவெட்டிக்கொண்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது. 1,400 ரூபாய் கொடுத்தேன். அது அதிகம் என்று இப்போதும் சொல்லவில்லை. இயந்திரத்துக்குத் தவணை கட்டுகிறார், தினமும் வேலை இருக்கிறதென்றும் இல்லை.

பதினைந்து நாளில் கோரை முன்னைவிட அடர்த்தியாக எழுந்து நின்றது.

அடுத்து வந்தவர் எங்களுக்குப் பல வருடப் பழக்கமுள்ள அக்கா. அறுபது வயது தாண்டியிருக்கும். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடவு, களை என்று போகிறவர். “என்னக்கா வேணும்?” என்று கேட்டேன். “நீங்க பாத்துக் குடுங்க டீச்சர்” என்றார். வந்து உட்கார்ந்ததும் ஒரு கோரையைப் பிடுங்கிக் காட்டினார். வேரோடு கறுப்பாக ஒரு சின்னக் கிழங்கு. “இத உள்ள வெச்சுட்டு மேல அறுத்தா அது ஒண்ணுக்கு நாலா எந்திரிக்கும். மிசினுக்கு இது தெரியுமா?” களைக்கொத்தால் கிளறிக் கிழங்கைத் தேடித் தேடி எடுத்து ஒரு தகர டப்பாவில் போட்டார், மண்ணில் போட்டால் மறுபடி முளைக்குமாம். மூக்கிரட்டையையும் பொன்னாங்கண்ணியையும் தனியே ஆய்ந்து மடியில் கட்டிக்கொண்டார். குப்பைமேனி ஒன்றை மட்டும் பிடுங்காமல் விட்டார். கேட்டதற்கு, “ஒங்க பூனைக்கு ஆவும், கெடக்கட்டும்” என்றார். இரண்டு நாள், காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து முடித்தார். நாளைக்கு 300 ரூபாய், ஆக 600 கொடுத்தேன். டீயும் நான்கு இட்லியும் தனி. எங்கள் பக்கத்து வயல்களில் அரைநாள் களைக்கு 250தான் கொடுக்கிறார்கள் என்பதால், அன்று எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன்: தோட்டக்காரர் – 1,400. களை – 600.

தொகையைப் பிறகு பேசலாம். அந்தத் தம்பியை ‘தோட்டக்காரர்’ என்று எழுதியிருக்கிறேன். அக்காவை ஆளாகவே எழுதவில்லை, ‘களை’ என்று எழுதியிருக்கிறேன். இருபது வருடமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். பெண் உழைப்பு புலப்படாமல் போவது பற்றி இரண்டு கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்கிறேன். நோட்டு என் கையெழுத்தில்தான் இருந்தது.

‘நீங்க பாத்துக் குடுங்க’ என்பதை மரியாதை என்று எடுத்துக்கொண்டுதான் நாம் வாழ்கிறோம். தம்பியும் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் தொகையைச் சொன்னார். விலையைச் சொல்வது யாருக்குப் பழக்கம், சொல்லாமல் இருப்பது யாருக்குப் பழக்கம் என்பதை இந்த மண்ணும் இதன் கதைகளும் வெகுகாலமாகக் கற்றுக்கொடுத்து வந்திருக்கின்றன. கதைகள் என் துறை என்பதால் அங்கிருந்து பார்க்கிறேன்.

தமிழில் மிகப் புகழ்பெற்ற களையெடுப்பவர் யார் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் விழிப்பார்கள். அப்பர்தான். எந்தச் சிவன் கோயிலிலும் நால்வர் சிலைகளில் அவரை அடையாளம் காட்டுவது கையில் சாய்ந்திருக்கும் உழவாரம். கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்கும் கருவி. எங்கள் மாவட்டத்துத் திருப்புகலூரில் அவர் உழவாரப் பணி செய்துகொண்டிருந்தபோது மண்ணில் பொன்னும் மணியும் தெரிந்தன என்றும், அவற்றைக் கல்லோடு கல்லாக எடுத்துக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் சொல்கிறார். இதைப் பற்றின்மையின் உச்சம் என்று நடத்துவோம். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஆனால், கூலியை எறிய முடிகிறவரின் களையெடுப்புக்குத் ‘தொண்டு’ என்று பெயர். எறிய முடியாதவரின் களையெடுப்புக்கு என்ன பெயர்?

இன்னொன்றும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. அப்பருக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர் அவருடைய தமக்கை. மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோக, தம்பிக்காக உயிர் வைத்திருந்த திலகவதியார், திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூப்பறித்து, மாலை கட்டி வாழ்ந்தார். சூலை நோயோடு தம்பி வந்து சேர்ந்தது அந்த வாசலுக்குத்தான். கைத்தொண்டு என்பதை அந்த வீட்டில் முதலில் செய்தவர் அக்கா. சேக்கிழார் அவரைப் பற்றி உருகித்தான் பாடுகிறார். ஆனாலும் அறுபத்து மூவர் கணக்கில் அவர் இல்லை. தம்பியின் உழவாரம் ஊர்தோறும் கல்லில் இருக்கிறது. அக்காவின் துடைப்பத்தைச் செதுக்கிய சிலை எதையும் நான் பார்த்ததில்லை.

பெரிய புராணத்தில் கூலி பற்றிய கதை ஒன்றும் உண்டு. பக்தி நூலாக மட்டும் வாசித்ததால் அது நம் கண்ணில் படவில்லை. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு காசு படியாகக் கொடுக்கிறார். அப்பரின் காசு கடையில் உடனே செல்கிறது. சம்பந்தரின் காசுக்கு வாசி கேட்கிறார்கள். அதாவது மாற்றுக் குறைவென்று வட்டம் பிடிக்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்? அப்பர் உடம்பால் உழைக்கிறார், அதனால் வாசியில்லாத காசு. சம்பந்தர் வாசி தீரும்படி பதிகம் பாடிய பிறகுதான் அவருக்கும் நல்ல காசு கிடைக்கிறது. உடலுழைப்பின் காசு கவிதையின் காசைவிட ஒரு மாற்று உயர்ந்தது என்று சொல்லும் கதை நம் மரபில் இருக்கிறது என்பது, கவிதை எழுதுகிறவளாகவும் எனக்குப் பிடித்த விஷயம்.

வாசி என்ற சொல்லை இங்கே கையில் எடுத்துக்கொள்கிறேன். பெண்ணின் கூலி எப்போதும் வாசி பிடிக்கப்பட்ட காசு. வேலை முடிந்திருக்கும், நாணயமும் அதே நாணயம்தான், கைக்கு வரும்போது மட்டும் குறைந்திருக்கும்.

சங்க இலக்கியத்துக்குப் போனால் களையெடுக்கும் பெண்கள் கண்முன்னே இருக்கிறார்கள். புறநானூற்று 61ஆம் பாட்டில் சோழ நாட்டு வயலில் கடைசியர், அதாவது மருத நிலத்து உழைக்கும் பெண்கள், நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பிடுங்குகிறார்கள். பாட்டு சோழனின் வளத்துக்கு ஆனது; பெண்கள் அந்த வளத்தின் அலங்காரம். நெய்தல் என்றால் கடற்கரை, இரங்கல் என்று அட்டவணை போட்டு நடத்துகிறவள் நான். சில வருடங்களுக்கு முன் இந்தப் பாட்டை நடத்தியபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “எங்கம்மா அதப் புடுங்கி வரப்புலதான் போடுவாங்கம்மா. விட்டா நெல்லு ஏறாது” என்றாள். வகுப்பு சிரித்தது. திணைக்குப் பெயர் கொடுத்த பூவை வரப்பில் வீசிய கைகளுக்கு அன்று சாயங்காலம் என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வி எந்த உரையிலும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. அந்தச் சிரிப்புக்கு அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

கூலி என்ற சொல்லை எங்கள் வட்டாரத்தில் லேசாக உச்சரிக்க முடியாது. தேவூர்ப் பக்கம்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 தலித் உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

இந்தக் கதையை எழுத்தில் எப்படி வாசித்தோம்? இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பண்ணையாரின் வன்முறைக்கு அவருடைய ஆண்மைக் குறைவை ஒரு காரணமாக நாவல் முன்வைத்ததால் இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்; வர்க்கப் போராட்டத்தை உளவியல் சிக்கலாகச் சுருக்கிவிட்டார் என்றார்கள். அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் விவாதத்தின் இரண்டு பக்கமும் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன என்பதைப் பெண்ணாக வாசிக்கும்போதுதான் கவனிக்கிறோம். ஒரு பக்கம் பண்ணையாரின் ஆண்மை, மறுபக்கம் தோழர்களின் வீரம். குடிசைக்குள் இருந்த பெண்கள் தியாகிகளாக மட்டும் நின்றுபோனார்கள். அவர்கள் நடவு நட்டவர்கள், களை எடுத்தவர்கள், அந்தக் கூலிப் போராட்டத்தில் தங்கள் சொந்தக் கூலிக்காக இருந்தவர்கள் என்பது வாசிப்பில் வரவில்லை. அரைப்படி என்று நாம் சொல்லும்போது யாருடைய படியில் அரை என்று கேட்பதே இல்லை.

கேட்டிருந்தால் சட்டத்துக்குள்ளேயே பதில் இருந்தது. 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பகுதி உழைப்பாளர்களுக்கு முதல் பெரிய வெற்றி. அதில் நாள் கூலி ஆணுக்கு இரண்டு மரக்கால் நெல், பெண்ணுக்கு ஒரு மரக்கால். பண்ணையார் மனம்போனபடி போட்ட கணக்கில்லை இது, பாதுகாக்க வந்த சட்டமே வைத்த வாசி. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே ஊதியம் என்றது. டெல்டாவில் அது எங்கே நுழையும்? நாற்றுப் பறித்துக் கட்டு கட்டுவது ஆண், நடுவது பெண். வரப்பு வெட்டுவது ஆண், களை எடுப்பது பெண். வேலையையே முதலில் பிரித்துவிட்டால் ஒப்பிடுவதற்கு எதிரே யாரும் இருக்க மாட்டார்கள். என் தோட்டத்தில் நடந்ததும் அதுதான். பிரஷ் கட்டர் ஒரு வேலை, களைக்கொத்து வேறொரு வேலை. இரண்டும் ஒரே புல்லுக்கு என்பது நோட்டைப் பார்க்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம் எழுதப்பட்டபோது (2024-25இல் தமிழ்நாட்டில் நாளுக்கு 319 ரூபாய்) ‘வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை, பொம்பளைங்க சோம்பேறியாகிட்டாங்க’ என்று எத்தனை திண்ணைகளில் கேட்டிருக்கிறோம்! கையில் வருவது அளவைப் பொறுத்துக் குறையும் என்றாலும், ஒரு பெண் மனதில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிற தொகை ஒன்று இருந்தது. திண்ணைக்கு அதுவே பொறுக்கவில்லை.

என் அப்பாயி எட்டு மா நிலத்துக்குச் சொந்தக்காரி. அறுவடை நாளில் களத்தில் நின்று அவளே கூலி அளப்பாள். கோயிலுக்கு அளக்கும்போது மரக்கால் கோபுரமாகக் குவிந்திருக்கும். ஆட்களுக்கு அளக்கும்போது உள்ளங்கையால் தலைதட்டி விடுவாள். பெண்களின் முறை வரும்போது தட்டுகிற கை இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். எனக்கு ஏழெட்டு வயது. அது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். தாத்தா இறந்த பிறகு எங்களைக் காப்பாற்றியவள் அவள்தான், அவளைப் பற்றி இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். இரண்டிலும் அந்தக் கை வரவில்லை.

ராஜம் கிருஷ்ணனின் ‘சேற்றில் மனிதர்கள்’ (1982) இந்த இடத்தில் எனக்கு முக்கியமான நாவல். வெளியிலிருந்து வந்த நடுத்தர வர்க்கப் பெண் என்பதை மறைக்காமல், ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதுகிறவர் அவர். அதனால் சில இடங்களில் நாவல் அறிக்கை மாதிரி ஆகிவிடுகிறது என்பது உண்மை. ‘கலையமைதி இல்லை’ என்று அவரை ஓரங்கட்டியவர்களும் உண்டு. ஆனால் கூலியும் சேறும் பின்னணியாக இல்லாமல் கதையாகவே நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் அறிக்கை வாடை வரத்தான் செய்யும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

மாணவிகள் தோட்டம் என்றதும் ஆலிஸ் வாக்கரின் ‘நம் தாய்மாரின் தோட்டங்களைத் தேடி’ கட்டுரையைக் கொண்டுவருவார்கள். குத்தகை வயலில் உழைத்த தன் தாய், வயலுக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் வளர்த்த பூந்தோட்டமே அவளுடைய கலை என்று வாக்கர் எழுதுகிறார். ஒடுக்கப்பட்ட பெண்ணின் கலையை எங்கே தேடுவது என்று கற்றுக்கொடுத்த கட்டுரை, மறுப்பதற்கில்லை. அதை அப்படியே இங்கே நடும்போது மட்டும் ஒரு சிக்கல். எங்கள் பகுதியில் பண்ணையாட்களின் குடிசை நின்ற மனையே பண்ணைக்குச் சொந்தம். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்துதான் மனையில் உரிமை பிறந்தது. கிளம்பு என்றால் கிளம்ப வேண்டிய இடத்தில் எந்தப் பெண் மல்லிகைப் பந்தல் போடுவாள்? அதனால் இங்கே தாய்மாரின் தோட்டத்தைத் தேடுகிறவர்கள் தாய்மார் வேலை செய்த தோட்டங்களில்தான், பிறர் வீட்டுத் தோட்டங்களில்தான், தேட வேண்டியிருக்கும். வெண்மணிக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், கூலியோடு நிற்காமல் நிலம் வாங்கி அதைப் பெண்கள் பெயரில் எழுதவைக்கப் பாடுபட்டதன் பொருள் எனக்கு இந்தக் கோணத்தில்தான் பிடிபட்டது.

புரட்டாசியில் அந்த அக்காவை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை, “நீங்க சொல்லுங்கக்கா. நான் பாத்துக் குடுக்க மாட்டேன்” என்றேன். சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கிழங்கைக் கிளறிக்கொண்டே, “அந்த மிசின் தம்பிக்கு எவ்வளவு குடுத்தீங்க டீச்சர்?” என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஒரு பாத்தி முடித்து அடுத்த பாத்திக்கு நகர்ந்த பிறகு, “அப்ப எனக்கு எழுநூறு குடுங்க. நான் எடுத்தா மூணு மாசத்துக்கு வராதுல்ல” என்றார்.

சரி என்றேன். சொல்வதற்கு முன் என் மனம் ஒரு நொடி எழுநூறை இரண்டு நாளால் பெருக்கிப் பார்த்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, “டீச்சர், நீங்க பாட்டுக்கு எழுநூறு குடுத்தா நாங்கல்லாம் என்னா பண்றது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் தனியாக இருப்பவர், மாதம் இரண்டு நாள் அந்த அக்காவைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்கிறவர். எனக்குப் பதில் வரவில்லை. அவர் இப்போது அக்காவைக் கூப்பிடுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் அக்கா என் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னார். “அதுக்கென்னா, பரவால்ல” என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு மல்லிகைப் பந்தலடியில் உட்கார்ந்தார். மாதம் இரண்டு நாள் வேலை போயிருக்கிறது. அதை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.